யாருடைய வயல்?

டிசம்பர் 27, வெள்ளி

வாய் கூசாத பொய். அதை வழவழப்பான தாளில் அச்சடிக்கவும் போகிறார்கள்.

நிரஞ்சனா மேடத்தின் கேலரியிலிருந்து இன்று ஓவியங்களின் படங்களும் குறிப்புகளும் வந்தன. ஜனவரியில் கொரிய ஓவியர் பெக் மல்-சுன்னின் கண்காட்சி. எழுபதைத் தாண்டிய பெண்மணி. தான் பிறந்த கிராமத்தையே வாழ்நாள் முழுக்க வரைந்தவர். அவர் சென்னையில் இருக்கும்வரை நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதற்கு முன் குறிப்புகளைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும்.

படங்களைப் பார்த்தேன். ஓடையில் துணி அடிக்கும் பெண்கள். பனிக்குளிரில் முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவும் பெண்கள். முன்னோர் படையலில் கூடத்து ஆண்கள் விழுந்து கும்பிட, அடுப்படிப் புகைக்குள் நிற்கும் பெண்கள். எல்லாவற்றிலும் பெரியது ஒரு நடவு. சேற்றில் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். வரப்பில் மூன்று ஆண்கள் கிண்ணத்தில் அரிசிக்கள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தலையில் சோற்றுக்கூடையோடு ஒருத்தி வரப்பில் வருகிறாள். அவள் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள்.

அந்தப் படத்துக்கு ஓவியர் கொரிய மொழியில் வைத்த தலைப்பு ‘யாருடைய வயல்?’. நிரஞ்சனா மேடம் ஆங்கிலத்தில் மாற்றி வைத்திருப்பது ‘பசுமையின் பாடல்’. கீழே குறிப்பு வேறு: “உழைப்பையே திருவிழாவாக்கிய எளிய மக்களின் மாறாத புன்னகை.”

போன் செய்து கேட்டேன்.

“பொன்னி, மூலத்துல ஒரு மாதிரி கசப்பா இருக்கு. வர்றவங்க குடும்பத்தோட வருவாங்க, பொங்கல் சமயம் வேற. ஒரு கிராமத்து சந்தோஷம் இருக்கட்டுமே.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா மேடம்?”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதே” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது. ஒருவருக்கு மொழி தெரியாது என்றால் அவர் வாயில் எதை வேண்டுமானாலும் திணிக்கலாமா? கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கொரிய மேலாளர்கள் திட்டியதைக்கூட நான் ஒரு சொல் குறைக்காமல் சொன்னவள்.

தம்பி இளவழகன் பேசினான். அப்பா நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதித் தர வேண்டுமாம். தை பிறந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகலாம் என்றான். சரி என்றேன்.

டிசம்பர் 30, திங்கள்

‘மாறாத புன்னகை’யைத் தமிழாக்கி அனுப்பிவிட்டேன். கை கழுவினேன், சோப்புப் போட்டு.

ஜனவரி 2, வியாழன்

மல்-சுன் அம்மா வந்து இறங்கினார். குள்ளமான உருவம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைமுடி, உரத்த குரல். விமான நிலையத்தில் பூங்கொத்தை வாங்கி என்னிடமே கொடுத்துவிட்டு, “இங்க சோறு கிடைக்குமா, ரொட்டிதானா?” என்று கேட்டார். சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். தயிர்சாதத்தில் மாவடு ஊறுகாயைப் பிசைந்து சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. “எங்க ஊர்க் காரத்துக்கு இது பரவாயில்ல” என்றார்.

அவருடைய பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. தென்மேற்குக் கிராமப் பேச்சு. நான் கற்றதோ ஷிஃப்டும் வெல்டிங்கும் பேசும் தொழிற்சாலைக் கொரியன். நான் திருப்பிக் கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தார். ஒரு தடவை “உனக்குக் காது மந்தமா?” என்றே கேட்டார்.

ஜனவரி 4, சனி

படங்களை மாட்டினோம். நடவுப் படம் நேர் எதிர்ச்சுவரில். பக்கத்தில் ‘பசுமையின் பாடல்’ அட்டை. மல்-சுன் அம்மா அதைத் தொட்டு, “அழகான எழுத்து. என் தலைப்புதானே?” என்றார்.

நிரஞ்சனா மேடம் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“தலைப்பு கொஞ்சம் மாறியிருக்கு” என்றேன். கொஞ்சமாம்! அவர் கேட்பதற்குள் ஆணி அடிக்கிறவர் கூப்பிட்டார், போய்விட்டார். என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் படத்தின் கதையைச் சொன்னார். குனிந்திருப்பது அவருடைய அம்மா, அக்காமார்கள், சித்திகள். கள் குடிப்பது அப்பாவும் சித்தப்பாக்களும். கூடை தூக்கி வருபவள் அவர்தான். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் பட்டணத்தில் படிக்க இவர்கள் நட்டார்களாம்.

“என் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? ‘மல்’னா கடைசி. இதுவே கடைசிப் பொட்டையா இருக்கட்டும், அடுத்தது பையனா வரட்டும்னு வெச்சாங்க. வரல. அதுக்கும் நான்தான் அடி வாங்கினேன்.”

எங்கள் ஊரிலும் அப்படிப் பெயர் வைப்பது உண்டு என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறந்ததும் ஒரு குழந்தையின் தலையில் ‘போதும்’ என்று எழுதி ஒட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் சோறும் போட்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது.

ஜனவரி 6, திங்கள்

அம்மா பேசினாள். தம்பி பேசச் சொல்லியிருப்பான்.

“பெரியவ, நடுவுள்ளவ ரெண்டு பேரும் போன வருசமே எழுதிக் குடுத்துட்டாளுவ. நீ மட்டும் ஏண்டி இழுத்துக்கிட்டே போற?”

“இழுக்கலம்மா. வேலை இருந்துச்சு.”

“அவன் ஆம்பளப் புள்ள. நாளைக்கு எனக்குக் கொள்ளி வெக்கிறவன். உனக்கு அப்பா இருந்தப்பவே கல்யாணத்துக்குச் செஞ்சாச்சு.”

அந்தக் கல்யாணம் ஆறு வருஷம்கூட நிற்கவில்லை. போட்டனுப்பிய நகை ஒன்றும் திரும்பி வரவில்லை, நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். அது அம்மாவுக்கும் தெரியும். எதற்கு அதையெல்லாம் இப்போது? எனக்கு நிலத்தை வைத்து என்ன செய்யத் தெரியும்? சரிம்மா, பொங்கலுக்கு வருகிறேன் என்றேன்.

அழைப்பிதழ் வந்துவிட்டது. அதிலும் ‘புன்னகை’ இருக்கிறது. கிழித்துப் போடலாம் போல இருந்தது.

ஜனவரி 8, புதன்

இன்று மல்-சுன் அம்மாவைப் பத்திரிகைக்காரர் ஒருவர் பேட்டி கண்டார். நல்ல பையன்தான், ஆனால் கேள்வி வழக்கமானது: “அந்த வயலுக்கு இப்போதும் போவீர்களா?”

“அது அண்ணன் மகனோடது. நான் எதுக்குப் போறேன்?”

பிறகு அவராகவே சொன்னார். அப்பா செத்த வருஷம் அண்ணன் கடிதம் எழுதியிருந்தாராம், வரும்போது முத்திரையை எடுத்துக்கொண்டு வா என்று. அங்கே கையெழுத்துக்குப் பதில் பெயர் செதுக்கிய சின்ன முத்திரை. “சொந்தபந்தம் எல்லாம் கூடுதுன்னு சந்தோசமாப் போனேன். புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டேன். அண்ணன் காட்டின இடத்துலயெல்லாம் குத்தினேன். அண்ணி பாயசம் மாதிரி ஒண்ணு வெச்சுக் குடுத்தா, குடிச்சுட்டு வந்தேன். பஸ்ல வரும்போதுதான் என்ன குத்தினேன்னு படிச்சுப் பார்த்தேன்.”

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தமிழில் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டதும் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

“அண்ணனைக் கேட்கவில்லையா?”

“கேட்டேன். ‘உனக்கு எதுக்கு வயல், நீதான் படம் வரையறியே’ன்னான். சரி, வரைஞ்சுட்டுப் போறேன்னு வந்தேன்.” ஓங்கிச் சிரித்தார்.

சிரிக்கிற விஷயமா இது? கூடப் பிறந்தவனே பாயசம் ஊற்றிப் பறித்துக்கொள்வதா? தெருவில் சங்கிலி அறுக்கிறவனையாவது போலீஸில் பிடித்துக் கொடுக்கலாம். அந்த அண்ணன் உயிரோடிருந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவரை ஹோட்டலில் விடும்போது ஒன்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் சொல்வதைச் சொல்வதுதான் என் வேலை. என் விஷயம் வேறு.

ஜனவரி 10, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

திறப்பு விழா. நல்ல கூட்டம், பட்டுப்புடவைகள், சுண்டல், ஃபில்டர் காபி. தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர். நடவுப் படத்தின் முன்னால் நின்று மைக்கைப் பிடித்தார்.

“அந்தக் காலத்துப் பெண்கள் உழைப்பிலேயே இன்பம் கண்டார்கள். கொரியாவோ தஞ்சையோ, மண் ஒன்றுதான். உரிமை, பங்கு என்று அவர்கள் கோர்ட் வாசலில் நின்றதில்லை. இந்த முகங்களைப் பாருங்கள். ஒன்றிலாவது சுளிப்பு இருக்கிறதா?”

கைதட்டினார்கள். மல்-சுன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். “என்ன சொல்றார்?”

சொன்னேன். ஒரு சொல் விடவில்லை.

அவர் எழுந்து படத்தருகே போனார். நானும் இன்னொரு மைக்கோடு பின்னால் போனேன். அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

“முகம் எங்கே இருக்கு? எல்லாரும் குனிஞ்சிருக்காங்க. நான் வரைஞ்சது முதுகு.”

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள்.

“முகம் தெரியற பொம்பள ஒருத்திதான். அது நான். நான் சிரிக்கல. அன்னிக்கு எனக்குப் பசி.”

நிரஞ்சனா மேடம் என் தோளருகே வந்து மெதுவாக, “பொன்னி, போதும். எல்லாருக்கும் நன்றி சொல்றாங்கன்னு சொல்லி முடிச்சிடுங்க” என்றார்.

“அவங்க நன்றி சொல்லலையே மேடம்” என்றேன். மைக் வாயருகே இருந்தது. கூடத்துக்கே கேட்டுவிட்டது.

மல்-சுன் அம்மா அட்டையைக் காட்டி, “இதில என்ன எழுதியிருக்கு? இப்ப சொல்லு” என்றார். ‘பசுமையின் பாடல்’ என்பதைக் கொரிய மொழியில் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. “நான் கேட்டது ‘யாருடைய வயல்?’னு. கேள்வி கேட்டவ வாயில பாட்டைத் திணிச்சது யாரு?”

அதையும் சொன்னேன். நிரஞ்சனா மேடத்தைப் பார்த்தே சொன்னேன். தலைமை விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வயதான பெண்மணி மட்டும் சுண்டல் தொன்னையைக் கீழே வைத்துவிட்டு படத்துக்கு வெகு அருகில் வந்து நின்றார், வெகுநேரம்.

போகும்போது நிரஞ்சனா மேடம் சொன்னார்: “உங்களை விஷயத்தை இதமாக் கொண்டுபோகத்தான் கூப்பிட்டேன். நாளையிலேர்ந்து வேற ஆள் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரு துளி வருத்தமில்லை.

ஜனவரி 11, சனி

மல்-சுன் அம்மா காலையிலேயே போன் செய்தார். எனக்குப் பதிலாக வந்த மாணவி எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறாளாம், நான் உடனே வர வேண்டுமாம். கேலரிக்குப் போனேன். பழைய அட்டையை அவரே பிய்த்து எறிந்திருந்தார். வெள்ளை அட்டை ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். ‘யாருடைய வயல்?’ என்று எழுதினேன்.

“உன் எழுத்து நூடுல்ஸ் கொட்டின மாதிரி இருக்கு” என்றார். ஆனாலும் அதையே ஒட்டினார். நிரஞ்சனா மேடம் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

நேற்றைக்கு ஒரு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஹோட்டலில் கொண்டுவிட்டபோது, அங்கே காபி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று திட்டிவிட்டு, எனக்குக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நாளை மறுநாள் விமானம்.

ஜனவரி 13, திங்கள்

மன்னார்குடி பஸ். உட்கார இடம் கிடைத்ததே பெரிசு. தம்பிக்கு வேட்டி சட்டை, அம்மாவுக்குச் சுங்குடிப் புடவை எடுத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வீட்டில் மாடு இல்லை, தம்பியின் டிராக்டருக்கு மாலை போட்டோம்.

தம்பி தங்கமாக நடந்துகொள்கிறான். எனக்குப் பிடிக்கும் என்று ஆற்று இறால் வாங்கி வந்தான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். “அக்கா, இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க” என்றான் தம்பி. இலையை நகர்த்தி வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் அம்மாவுக்குப் போனில் நடவுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“யாருடி இவ, சோறு தூக்கிட்டு வர்றவ?”

“படம் வரைஞ்சவங்கதாம்மா.”

“இவ எப்பத் தின்னா?”

“தெரியலம்மா.”

“கடைசியாத்தான்” என்று அவளே சொல்லிக்கொண்டாள். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திரை அணைந்த பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “திங்கக்கெழம ஒழுங்கா வந்து போட்டுட்டுப் போ. அவன் மனசு நோகும்படி எதுவும் பேசிப்புடாத” என்று எழுந்து போனாள்.

ஜனவரி 20, திங்கள்

தம்பி கார் எடுத்திருந்தான். அம்மா பின்னால் என்னோடு உட்கார்ந்தாள், புதுச் சுங்குடி கட்டிக்கொண்டு.

பத்திர எழுத்தர் கடையில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஆம், போட்டேன். படித்துப் பார்த்தே போட்டேன். “தந்தையார் சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை என் மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில்” என்று இருந்தது. தம்பி வாழைப்பழமும் பன்னீர் சோடாவும் வாங்கிக் கொடுத்தான். சோடாவைக் குடித்தேன்.

உள்ளே கூட்டம். ஒரு பெண் ஊழியர் கூப்பிட்டார்: “போதும்பொண்ணு! யாருங்க போதும்பொண்ணு?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னையில் என்னை யாருக்கும் அந்தப் பெயரில் தெரியாது. ஆதாரில் அதுதான் இருக்கிறது. எழுந்து போனேன்.

சார்பதிவாளர் இளம்பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

“இது நீங்க போட்ட கையெழுத்துதானாம்மா?”

“ஆமாங்க.”

“உங்க பங்கைத் தம்பிக்கு விட்டுக் குடுக்கறீங்க. யார் வற்புறுத்தலும் இல்லாம, முழுச் சம்மதத்தோடதானே?”

எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. தலையை ஆட்டினால் முடிந்தது. மூன்றாம் மனுஷர் ஒருவர் என்னைப் பார்த்து என் சம்மதத்தைக் கேட்கிறார். எத்தனையோ பேருடைய ஆமாவையும் இல்லையையும் நான் பிசகாமல் சொல்லியிருக்கிறேன்.

“இல்லைங்க” என்றேன்.

“என்னம்மா?”

“எனக்குச் சம்மதம் இல்லைங்க.”

தம்பி, “அக்கா பயத்துல ஒளர்றாங்க மேடம்” என்றான்.

“பயமில்லடா. எனக்கு என் பங்கு வேணும். அவ்வளவுதான்.”

“நிலத்துல ஒரு நாள் எறங்கியிருப்பியா நீ? தண்ணி வெச்சது நான், உரம் போட்டது நான்!”

“அது உன் பங்குக்கு. என் பங்குல நீ வெளைச்சதை இத்தனை வருசம் நீதான் தின்ன. நான் ஏதாச்சும் கேட்டேனா?”

சத்தம் கூடிப்போய், வெளியே போய்ப் பேசச் சொன்னார்கள். சார்பதிவாளர் பத்திரத்தைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி காரை எடுத்தான். அவள் ஏறிக்கொண்டாள். என் பையை மட்டும் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நடுரோட்டில் நின்றேன். பஸ்ஸுக்காக நின்ற ஒரு அம்மா, “வூட்ல சண்டையா?” என்று கேட்டு வெற்றிலை நீட்டினாள்.

குற்றம் செய்தவள் மாதிரி என்னை இறக்கிவிட்டுப் போகிறார்களே! கொள்ளையா அடித்தேன்? அப்பாவின் மகள் நான் என்று சொன்னேன். அவ்வளவுதானே?

ஜனவரி 23, வியாழன்

பெரியக்கா பேசினாள். “எங்களையெல்லாம் கெட்டவளாக்கிட்டியேடி” என்று அழுதாள். நான் கேட்டால் அவர்கள் எப்படிக் கெட்டவர்களாவார்கள்? கொஞ்ச நேரம் கழித்து அவளே, “இப்ப மாத்த முடியுமாடி?” என்று கேட்டாள். விசாரிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

அம்மா இன்று பேசினாள். வேறு யாருடைய போனிலிருந்தோ. எடுத்ததும் திட்டப்போகிறாள் என்று தயாரானேன்.

“இன்னும் பத்து பதினஞ்சு நாள்ல அறுப்பு. அதுக்கு முன்ன, ஈரம் காயறதுக்குள்ள, நிக்கிற நெல்லுக்குள்ளயே வெதையத் தெளிச்சுடணும். உன் பங்குல என்ன போடறது? உளுந்தா, பயறா?”

எனக்கு விளங்கவில்லை. “தம்பி என்னம்மா சொல்றான்?”

“அவன் எங்கிட்ட பேசறதில்ல.”

“ஏம்மா? உன்கிட்ட என்ன கோவம்?”

“உங்கப்பா நெலத்துல எனக்கும் ஒரு பங்கு இருக்காமே. அந்த ஆபீசுல எழுதற ஆளு சொன்னாரு. அதையாச்சும் எழுதிக் குடுன்னான். இருக்கட்டும்டா, இப்ப என்ன அவசரம்னுட்டேன். ஏண்டி, எத்தன வருசம் அந்தச் சேத்துல நின்னுருக்கேன். யாராச்சும் ஒரு நாள் எங்கிட்ட சொன்னீங்களா, இதுல உனக்கும் இருக்குன்னு?”

கோபமாகத்தான் கேட்டாள். என்மேலும்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

“அழுவுறியா? சோலியப் பாரு. உளுந்தா, பயறா?”

“உளுந்து” என்றேன். ஏன் உளுந்து என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

“வெதைக்குச் சொல்லி வெக்கிறேன். தெளிக்க ஆளு தேடிக்கிட்டு இருக்க முடியாது, நீயே வந்துடு. வெள்ளிக்கெழம காலைல இங்க இருக்கணும். பழைய பொடவ ஒண்ணு எடுத்துக்க.”